இரண்டு வகைப் பூஜ்யம்

எந்த அறிவிப்பையும் இப்போது
கீழிருந்து மேலாகத்தான் படிக்கிறேன்.
முதலில் பணம்.
'சொந்த நிதியுள்ள மாணவர்கள் விண்ணப்பிக்கலாம்'
என்று கடைசி வரி சொன்னால்
மேலே இருக்கும் பேராசிரியர், ஆய்வகம்,
பனி படிந்த மரங்களின் படம்
எதையும் பார்ப்பதில்லை.
அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டு
வீட்டுக்குள் நுழையாமலே திரும்புகிற மாதிரி.

குடும்பப் பெயர் கட்டாயம் என்றது படிவம்.
எனக்கு இருப்பதோ ஓர் எழுத்து, ஒரு புள்ளி.
சிவப்பு நட்சத்திரம் விடவில்லை.
விரித்து எழுதினேன்: சூசைராஜ்.
அன்றிலிருந்து மறுப்பெல்லாம்
அப்பா பெயருக்கே வருகிறது.
'அன்புள்ள சூசைராஜ்,
உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.
இம்முறை போட்டி கடுமையாக இருந்தது.'
தமிழில் படித்துக் காட்டினேன்.
கை கிரீஸைப் பழைய பனியனில் துடைத்தபடி
"இன்னாம்மா, என்னையா வேணான்றான்?
நான் எப்போ கேட்டேன்?" என்றார்.
அம்மா சிரித்து முடிப்பதற்குள்
ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது.

அவர் நம்பாத விஷயம் வேறு.
நாலு வருஷம் படிக்கப் போனால்
மாசம் பொறந்தா அவர்களே சம்பளம் போடுவார்கள் என்பது.
"படிச்சிக்கினு இருக்கறதுக்குத் துட்டா?
உஷாரா இரு. நடுவுல ஏஜென்ட் எவனாச்சும் இருப்பான்."
மணிக்கணக்கு விரிவுரையாளருக்கு
ஆகஸ்ட் சம்பளம் நவம்பரில் வந்த வீட்டில்
அவரை எப்படி நம்பவைப்பது.

என் திட்டம் இரண்டு பக்கம், ஓர் அட்டவணை.
காசிமேட்டில் இறங்கும் மீனின் கணக்கில்
பூஜ்யங்கள் அதிகம்;
வழக்கமான சூத்திரம் தாங்காது.
படகு போய் வலை வெறுமனே வந்தால் பூஜ்யம்.
புயல் எச்சரிக்கை, டீசல் கடன்,
ஏப்ரல் பதினைந்திலிருந்து அறுபத்தொரு நாள் தடை,
படகே நகராத நாளுக்கும் அதே பூஜ்யம்.
எந்த வட்டத்துக்குள் கடல் இருந்தது என்று
பிரித்துச் சொல்ல வேண்டும்.
அவ்வளவுதான்.

கடைசி நேரம் நள்ளிரவு. அவர்கள் நள்ளிரவு.
இங்கே விடிகாலை நாலரை.
ஜன்னலுக்குக் கீழே ஐஸ் கட்டி உடைபடும் சத்தம்,
மீன்பாடி வண்டிக்காரன் யாரையோ திட்டுகிறான்.
பரிந்துரைக் கடிதம் ஒன்று இன்னும் நிலுவையில்;
செல்வநாயகி மேடம் மகள் வளைகாப்புக்கு
நாங்குநேரி போயிருக்கிறார், சிக்னல் இல்லை.
நாலு இருபத்தேழுக்கு அனுப்பினேன்.

முப்பத்தேழு வரிசைகள் என் கணக்கில்.
'பதில்' என்ற பத்தியில்
வேண்டாம் என்றவருக்கும் பூஜ்யம் போட்டேன்,
மூன்று மாதமாக வாய் திறக்காதவருக்கும் பூஜ்யம்.
போட்டபிறகுதான் உறைத்தது.
நானே தப்புப் பண்ணியிருக்கிறேன்.

மார்ச்சில் ஒரு கடிதம்.
பழக்க தோஷம், கீழிருந்து படித்தேன்:
'நிதி ஜூனில்தான் உறுதியாகும்.'
மூடப் போன விரல்
மேலே ஒரு கேள்விக்குறியைக் கண்டு நின்றது.
'அன்புள்ள பெர்னதெத்,
தடைக்காலத்திலும் பதினோரு நாள்
மீன் பதிவாகியிருக்கிறதே, எப்படி?'
அட்டவணையின் கடைசிக் கட்டம் வரைக்கும்
யாரோ ஒருவர் வந்து போயிருக்கிறார்.
ஃபைபர் படகும் கட்டுமரமும் தடைக்குள் வராது
என்று எழுத ஆரம்பித்து
ஆறு பத்தி எழுதிவிட்டேன்.
நாலை அழித்தேன்.
பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, முதல் தடவையாக.

இப்போது மே.
விசைப்படகெல்லாம் கரையில், இன்ஜின் பிரிந்து கிடக்கிறது.
மீன் இல்லாத இந்த அறுபத்தொரு நாளில்தான்
அப்பாவுக்கு ராப்பகலாய் வேலை.
நேற்று ஒரு மணிக்கு வந்து
சட்டைப் பையில் மடித்திருந்த நோட்டுகளை
லேப்டாப் மேல் வைத்தார். எண்ணெய் வாசனை.
"அடுத்ததுக்கு ஃபீஸு.
சூசைராஜ் பேர்லயே போடு,
பழகிப்போச்சு."